முன் பெஞ்சுக்காரரின் இடது கை

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பல் செட் செய்கிற வேலை. எங்கள் பக்கத்தில் வயதானவர்களில் பாதிப் பேர் அவர் செய்த பல்லை வைத்துத்தான் சிரிக்கிறார்கள். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. டாக்டர் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார். யாருடைய வாய் என்று அத்தானுக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றித் தாடையை எடுப்பார், அதன்மேல் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக நடுவார். ஒரு பல்லை மட்டும் லேசாகக் கோணலாக வைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாம் நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்" என்றார். அவர் என்னிடம் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

நான் அவருக்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் ஊதியே தொண்டை பெருத்தவள். வரிசை கலைந்தால் எனக்குப் பொறுக்காது, ஒருவர் மௌனமாக இருந்தால் அதைவிடப் பொறுக்காது. அக்காவுக்குப் போயும் போயும் இப்படி ஒரு ஊமைக்கோட்டானா என்று கல்யாணத்தன்றே முணுமுணுத்தேன். அக்கா சிரித்தாள். அவளுடைய பேச்சுக்கு வீட்டில் கேட்கிற காது ஒன்று வேண்டும் என்றாள்.

அத்தான் கோயில் குளம் எதற்கும் போகாத குடும்பத்தில் பிறந்தவர். அக்காவைக் கட்டிக்கொண்ட பிறகுதான் ஆலயத்துக்குள் கால் வைத்தார். போதகரிடம் பாடம் படித்து ஞானஸ்நானம் வாங்கினார் என்பது உண்மை. ஆனால் உள்ளே எப்போது எழுவது, எப்போது உட்காருவது, எங்கே ஆமென் சொல்வது எல்லாம் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துச் செய்ததுதான். திருவிருந்தில் அப்பம் வாங்கப் போகும்போதும் அவள் முழங்கால் போட்ட பிறகு இவர் போடுவார். அவள் கை நீட்டிய பிறகு இவர் நீட்டுவார். நான் கிண்டல் செய்தால், "அவ தப்பா பண்ணினா நானும் தப்பு. சேர்ந்தே மாட்டிக்குவோம்" என்பார்.

பிறகு அக்காவுக்கு நரம்பில் வந்த வியாதி. முதலில் ஒரு கால், அப்புறம் இன்னொன்று, கடைசியில் சக்கர நாற்காலி. ஆலயத்தில் முன் பெஞ்சின் இடது ஓரத்தை ஆசாரி ஒருவர் அறுத்து நாற்காலிக்கு இடம் செய்து கொடுத்தார். ஆனால் அங்கே தரை பீடத்தை நோக்கிக் கொஞ்சம் சரிவு, நாற்காலியின் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. அதனால் ஆராதனை முடியும்வரை அத்தான் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார். ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் பல் நடுகிற மனுஷனுக்கு ஒரு பிரேக்கைச் சரிசெய்யத் தெரியாதா என்று நான் சண்டைக்குப் போனேன். அக்காதான் தடுத்தாள். "சரி பண்ணிட்டா கையை எடுத்துடுவாருடி" என்றாள்.

எல்லோரும் எழுந்து நிற்கும்போது அக்காவால் முடியாது. அவள் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அத்தானும் உட்கார்ந்துவிடுவார். போதகர் அப்பத்தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்து இருவருக்கும் அங்கேயே கொடுப்பார். அப்படியே பல வருஷம் ஓடியது. அக்காவுக்காக ஜெபம் செய்யாத ஆள் எங்கள் சபையில் கிடையாது. அவள் செத்துப்போனாள்.

அத்தான் அழவில்லை. அழுதிருந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன், இரண்டு பேருக்கும் பாரம் குறைந்திருக்கும். அவர் மறுவாரமே வேலைக்குப் போனார். பல் எல்லாம் பழையபடி கச்சிதமாக வந்தது. சாப்பாட்டை அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிட்டார், உப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் தெரியாது என்றார். ஒருநாள் நான் போயிருந்தபோது மெழுகு உருக்கும் விளக்கில் அவர் விரல் பட்டுக்கொண்டே இருந்தது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எடுத்தார். "வலிக்கலையா அத்தான்?" என்று கத்தினேன். "இல்ல" என்றார். எது கேட்டாலும் அந்த ஒரு பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் வந்தார். அதே முன் பெஞ்சு, அறுத்த ஓரத்துக்குப் பக்கத்து இடம். விசுவாசம் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. அந்த நேரத்துக்கு வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். என்னிடமே அப்படித்தான் சொன்னார். ஆனால் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. போதகரும் தட்டோடு இறங்கி வரவில்லை, நாற்காலிதான் இல்லையே, இனி எழுந்து வருவார் என்று எதிர்பார்த்தார். இவர் வரவில்லை. கடவுள்மேல் கோபம் போலிருக்கிறது என்று போதகர் முடிவு செய்தார். அவர் கூச்ச சுபாவி, கேட்டுத் தெளிவு பெறவில்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஆலயத்துக்கு வாலிபப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் சபையில் எப்போதும் பின் வரிசைக்குத்தான் போட்டி. முழங்கால் வலிக்காரர்கள், இருமல்காரர்கள், என்னைப்போல் தாமதமாக வருகிறவர்கள் எல்லாம் கதவோரம் அடைந்துகொள்வோம். நடுவில் பெஞ்சுகள் வெறிச்சோடிக் கிடக்கும். முன்னால் அத்தான் தனியாள். நாங்கள் பெற்ற பிள்ளைகள் யாரும் வருவதில்லை. என் மகனை ஆலயத்துக்குக் கூப்பிட்டால் பல் பிடுங்கக் கூப்பிட்டது போல முகத்தை வைத்துக்கொள்வான். அப்படிப்பட்ட இடத்துக்கு யார் பெற்ற பிள்ளைகளோ ஒவ்வொருவராக உள்ளே நுழைந்து, வெறும் பெஞ்சுகளில் உட்கார்ந்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்? இருமல்காரர் என் காதில், "கட்டடத்தை வாங்க ஆள் வந்து பாக்கறாங்களோ?" என்று கேட்டார்.

முதலில் வந்தவள் ஒரு சுருட்டை முடிக்காரி. அடுத்து உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன்; தோள் கதவளவு இருக்கும், பெரிய கறுப்பு பைபிளை இரும்புக்கட்டி தூக்குவது போல் ஒரு கையில் தூக்கி வருவான். அவனுக்கு நான் வைத்த பெயர் பயில்வான். பிறகு அவர்களுடைய சிநேகிதர்கள், சிநேகிதர்களின் சிநேகிதர்கள். கொஞ்ச மாதத்தில் அத்தானுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது சுருட்டையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"ஏம்மா, உங்க வீட்ல யாராவது சர்ச்சுக்குப் போவாங்களா?"

"யாரும் இல்ல ஆன்ட்டி. அம்மா சிரிக்கறாங்க. நான் புகார் கேக்கற ஆபீஸ்ல இருக்கேன். நாள் முழுக்க காதுல யாராவது திட்டிட்டே இருப்பாங்க. ராத்திரி தூக்கம் வராம ஃபோன்ல ஒருத்தர் சுவிசேஷம் வாசிக்கறதைக் கேட்டேன். நல்லா இருந்துது. அப்புறம் நேர்ல போய்ப் பாக்கலாம்னு தோணுச்சு."

"சரி, எத்தனையோ பெரிய சர்ச் இருக்கே. இங்க என்ன இருக்கு? ஃபேன்கூட ஒழுங்கா ஓடாது."

அவள் முன் பெஞ்சைப் பார்த்தாள். அத்தான் வழக்கம்போல் எல்லோரும் எழுந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"அவர்தான் ஆன்ட்டி. முதல் நாள் உள்ள வந்தப்ப அவர் முதுகுதான் தெரிஞ்சுது. யாரையும் ஜெயிக்கணும்னு பாக்காம, யார்கிட்டயும் எதையும் நிரூபிக்காம அப்படி ஒருத்தர் உட்கார்ந்து நான் பாத்ததே இல்ல. அந்த அமைதி எனக்கும் வேணும்."

அம்மா தாயே, அது அமைதி இல்லை, உள்ளே ஆள் இல்லை என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவளே கேட்டாள்:

"ஆன்ட்டி, ஒரு சந்தேகம். ஜெபத்துல நாம ஏன் இடது கையை நீட்டறோம்?"

"என்ன கை?"

"இதோ, இப்படி." இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, எதையோ பிடித்திருப்பது போல் விரல்களைப் பாதி மடக்கிக் காட்டினாள்.

அடுத்த வாரம் சீக்கிரம் போய் நன்றாகப் பார்த்தேன். விளையாட்டு டீச்சரின் கண். இத்தனை நாள் எப்படித் தப்பவிட்டேன் என்று இன்னும் புரியவில்லை. போதகர் ஜெபத்தைத் தொடங்கியதும் அத்தானின் இடது கை தானாக எழுந்து, நாற்காலி இருந்த வெற்றிடத்தில் கைப்பிடி உயரத்தில் நின்றது. அவருக்குப் பின்னால் இரண்டு பெஞ்சிலும் இடது கைகள் வரிசையாக எழுந்தன. பக்கத்து ஆள்மேல் கை இடிக்காதிருக்க அவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டி உட்காரப் பிடிக்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

விசுவாசப் பிரமாணத்துக்குப் போதகர், "முடிந்தவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார். பின்னால் கிழடுகள் நாங்கள் தட்டுத்தடுமாறி எழுந்தோம். இரும்பு தூக்குகிற பயில்வான், முன்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். திருவிருந்து நேரத்தில், ஞானஸ்நானம் வாங்காதவர்களும் வரலாம், தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பேன் என்று போதகர் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

அக்காவைப் பார்த்து அத்தான் செய்தார். அத்தானைப் பார்த்து இவர்கள் செய்கிறார்கள். அங்கே இல்லாத ஒரு நாற்காலியை இரண்டு பெஞ்சுப் பிள்ளைகள் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

சுருட்டைக்கு ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். போதகர் என்னைத் தேடி வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஞானஸ்நானம் வாங்கிக்கறேங்கறா. ஆனா திருவிருந்துக்கு வர மாட்டாளாம். 'அவ்வளவு பக்தியா இருக்கறவரே தனக்குத் தகுதி இல்லன்னு உட்கார்ந்திருக்கார், நான் எப்படி வருவேன்? அவர் என்னிக்கு வராரோ அன்னிக்கு வரேன்'னு சொல்றா. மத்த பிள்ளைகளும் அதையேதான் சொல்லுது. நீங்க கொஞ்சம் அவர்கிட்ட பேசுங்களேன்."

"நீங்க பேசக் கூடாதா?"

"நீங்கதான் சத்தமா பேசுவீங்க" என்றார் அந்த நல்ல மனுஷன்.

அத்தானின் வேலையறைக்குப் போனேன். ஜன்னலோர மேசை, எங்கும் பிளாஸ்டர் தூசி, அலமாரியில் பேர் தெரியாதவர்களின் தாடைகள். அவர் இடது கையில் கீழ்த்தாடை ஒன்றை வைத்துக்கொண்டு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே ஆரம்பித்தேன்.

"அத்தான், நீங்க எழுந்திருக்காததாலதான் அந்தப் பசங்க யாரும் எழுந்திருக்க மாட்டேங்கறாங்க."

"எந்தப் பசங்க?"

"உங்களுக்குப் பின்னால ரெண்டு பெஞ்சு நிறைய இருக்காங்களே! திரும்பிப் பாத்ததே இல்லையா?"

"இருமல் சத்தம் குறைஞ்ச மாதிரி இருந்துது" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். "நீங்க உட்கார்ந்தா உட்காரறாங்க. நீங்க கையை நீட்டினா நீட்டறாங்க."

"எந்தக் கையை?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவருக்கு விளையாடத் தெரியாது. "இடது கையை அத்தான். அக்கா நாற்காலியைப் பிடிச்சிருப்பீங்களே, அந்த மாதிரி."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். தாடையையும் வைத்தார். காலியான இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது வேறு யாரோ அனுப்பிய அச்சு போல அவ்வளவு நேரம் பார்த்தார்.

"இன்னும் பிடிச்சிட்டா இருக்கேன்?"

"ஒவ்வொரு வாரமும்."

"யாரும் சொல்லலையே."

நான் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது. ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஜென்மம் நான். அந்தப் பெண் சொன்னது, போதகர் கேட்டது எல்லாவற்றையும் கொட்டினேன். எழுந்து நாலு அடி நடந்து போய் அப்பத்தை வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

"போகலாம். கால் இருக்கு" என்றார். மேசைமேல் கிடந்த மெழுகுத் துணுக்குகளை ஒதுக்கிக்கொண்டே சொன்னார்: "பல் பிடுங்க ஊசி போட்டுக்கிட்டவங்களைப் பாத்திருக்கியா? அவங்க உதட்டை அவங்களே கடிச்சுக்குவாங்க. ரத்தம் வந்தாக்கூடத் தெரியாது. நான் அப்படித்தான் இருக்கேன். பாட்டு கேக்குது, வசனம் கேக்குது, உள்ள ஒண்ணும் போகல. இதை வச்சுக்கிட்டு ஒரு பொண்ணுக்கு முன்னால போய் நிக்கறது ஏமாத்து வேலை."

"ஊசி ரெண்டு மணி நேரத்துல விட்டுடும். உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

"டோஸ் ஜாஸ்தி போல" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லாமல்தான் சொன்னார். பிறகு தாடையை மறுபடி எடுத்துக்கொண்டு, "ஞானஸ்நானம் அன்னிக்கு நான் வரல. நான் இல்லன்னா அவ பாட்டுக்குப் போவா" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். வாரத்தில் ஒரு மணி நேரம் அவருக்குப் போக்கிடம் என்று ஒன்று இருந்தது. அதையும் கெடுத்துவிட்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார், வேறு எங்கே போவதென்று தெரியவில்லை போலும். எப்போதும் போல அதே இடத்தில் உட்கார்ந்தார். எனக்குப் போன உயிர் திரும்பியது. ஜெபம் தொடங்கியது. அவருடைய இடது கை லேசாக அசைந்தது. உடனே வலது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

பின்னால் பிள்ளைகளின் கைகள் அந்தரத்தில் நின்றன. பயில்வான் தன் கையைப் பார்த்தான், முன் பெஞ்சைப் பார்த்தான், மெதுவாக இழுத்துக்கொண்டான். ஒவ்வொரு கையாக இறங்கியது. என் அக்கா அந்த இடத்தில் இத்தனை நாள் இருந்திருக்கிறாள் என்பது அந்தக் கைகள் இறங்கி அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் முறை அவளை அனுப்பியது என் வாய். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சுருட்டைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த முடியில் தண்ணீர் உள்ளே இறங்குவதற்கே போதகர் மூன்று தடவையும் தாராளமாக ஊற்ற வேண்டியிருந்தது. அவள் சொட்டச் சொட்டத் தன் பெஞ்சுக்குத் திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு போதகர் அப்பத்தை ஆசீர்வதித்து, "வாருங்கள்" என்றார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்தான் முதலில் போக வேண்டும், அதனால் பின்னால் நாங்கள் காத்திருந்தோம். அவள் எழவில்லை. பிள்ளைகளும் எழவில்லை. போதகர் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

அவ்வளவு நேரம் ஒன்றும் நடக்காததால்தானோ என்னவோ, அத்தான் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெஞ்சில் உட்காரத் தொடங்கியதிலிருந்து அவர் பின்னால் திரும்பி நான் பார்த்ததில்லை.

சுருட்டை இன்னும் கண்ணை மூடித்தான் இருந்தாள். முன்பு ஜெபத்திலும் கண்ணை மூடியே இருந்ததால், மற்றவர்கள் கையை இறக்கியது அவளுக்குத் தெரியாது. தலையிலிருந்து தண்ணீர் தோளில் வடிந்துகொண்டிருக்க, அவளுடைய இடது கை மட்டும் நடைபாதைப் பக்கம் நீண்டு, விரல்கள் பாதி மடங்கி, ஒன்றுமில்லாததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நீட்டியே வைத்திருந்ததில் கை நடுங்கியது. ஆனாலும் விடவில்லை.

அத்தான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

எழுந்தவர் எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல நின்றார். ஆனால் அதற்குள் இரண்டு பெஞ்சும் தடதடவென்று எழுந்துவிட்டது. சத்தம் கேட்டுச் சுருட்டையும் கண்ணைத் திறந்து எழுந்தாள். இத்தனை பேர் எழுந்த பிறகு மறுபடி உட்கார யாராலும் முடியாது. அவர் நடந்தார். பீடத்துக்கு முன்னால் போய் நின்று, தன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரைப் பார்த்து முழங்கால் போடுவது என்று தேடினார். அங்கே சுருட்டை வந்து நின்று, இவரைப் பார்த்தாள். இவர் அவளைப் பார்த்தார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, கடைசியில் எக்குத்தப்பாகச் சேர்ந்தே முழங்கால் போட்டார்கள்.

போதகர் அப்பத்தோடு வந்தார். அத்தான் கையை நீட்டினார். இடது கை, விரல்கள் மடங்கியிருந்தன. போதகர் காத்திருந்தார். விரல்கள் விரியவில்லை. அத்தான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், விரிக்க முயன்றார் என்றுதான் நினைக்கிறேன், முடியவில்லை. போதகர் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் கையில் எடுத்து, ஒவ்வொரு விரலாக விரித்தார். விரித்து அப்பத்தை வைத்தார்.

பக்கத்தில் சுருட்டை, இதுதான் முறை போலும் என்று, இடது கையை மடக்கி நீட்டினாள். போதகர் அவளுடைய விரல்களையும் விரித்தார். அடுத்து நின்ற பயில்வான் ஆசீர்வாதத்துக்கு மட்டும் வந்தவன். அவனும் முஷ்டியை நீட்டிக்கொண்டு நின்றான். அன்றைக்கு ஆராதனை முடிய ரொம்ப நேரம் ஆயிற்று.

எல்லோரும் போன பிறகு அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாற்காலி இருந்த இடம் வெறும் தரையாகக் கிடந்தது. என்னால் கேட்காமல் இருக்க முடியுமா?

"என்ன அத்தான், ஏதாவது தோணுச்சா?"

"இல்ல" என்றார்.

பிறகு இடது கையை மடியில் வைத்து, வலது கையால் அதன் விரல்களை நீவ ஆரம்பித்தார். ஒவ்வொரு விரலாக நீவினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"கை வலிக்குது" என்றார்.